முப்பது வயதில் முகப்பரு: எரியும் தோலை மேலும் எரிய வைக்கும் தவறுகள்

முப்பதைத் தாண்டிய பிறகும் தாடையோரம் பரு வந்தால், வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உடம்புச் சூடு என்பார் ஒருவர். கல்யாணமானால் சரியாகிவிடும் என்பார் இன்னொருவர். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்களுக்கும் வருகிறதே என்று கேட்டால் பதில் இருக்காது. சொல்கிற காரணங்களால் பெரிய கெடுதல் இல்லை. அவற்றை நம்பி முகத்தில் பூசுவதும் தேய்ப்பதும்தான் வினையாகிறது.

வயது வந்தவர்களுக்கு வரும் பருவின் சுபாவமே வேறு. பெண்களுக்குப் பெரும்பாலும் தாடையிலும் முகவாயிலும் ஆழமாக, தொட்டால் வலிக்கும்படி வரும். மாதவிலக்கு நெருங்கும்போது கூடும். கூடவே தோல் வறண்டும், எதைத் தொட்டாலும் சிவக்கும் நிலையிலும் இருக்கலாம். பள்ளிப் பிள்ளைகளின் எண்ணெய் வழியும் முகத்துக்குப் பொருந்துகிற வைத்தியத்தை இந்தத் தோலில் அப்படியே செய்தால் பருவும் போகாது, எரிச்சலும் தங்கிவிடும்.

முதல் தவறு கழுவுவதிலேயே தொடங்குகிறது. பரு அழுக்கால் வருவதில்லை. மயிர்க்காலின் துவாரத்தில் இறந்த செல்களும் எண்ணெய்ப் பசையும் அடைத்துக்கொள்ள, உள்ளே கிருமி பெருகி வீக்கம் காண்கிறது. வெளியிலிருந்து எவ்வளவு தேய்த்தாலும் அந்த அடைப்பு வெளியே வராது. நம் தோலின் அமிலத்தன்மை பி.எச். (அமில-கார அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5-ஐ ஒட்டியது; சாதாரண குளியல் சோப்போ 9, 10 என்று காரமாக இருக்கும். கழுவித் துடைத்ததும் முகம் இழுத்துப் பிடித்தாற்போல் இருந்தால் அது சுத்தத்தின் அடையாளம் அல்ல, தோலின் காப்புப் படலம் கரைந்ததன் அடையாளம். நுரை அதிகம் வராத மென்மையான முகக்கழுவியால் காலையும் இரவும் கழுவினால் போதும். கடலைமாவைச் சொரசொரவென்று தேய்ப்பது, வால்நட் ஓட்டுத்தூள் கலந்த ஸ்க்ரப் எல்லாம் வேண்டாம்.

சமையலறை வைத்தியத்தில் மிகக் கெட்டது எலுமிச்சைச் சாறு. அதன் பி.எச். ஏறக்குறைய 2. பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, மாதக்கணக்கில் கருமை தங்கலாம். பற்பசை, சமையல் சோடா இரண்டும் தோலை எரிப்பதில் அதே ஜாதிதான். தேங்காய் எண்ணெயைக் குறை சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். தலைக்கு அது நல்லதாகவே இருக்கட்டும். ஆனால் இரவில் தடவிய எண்ணெய் நெற்றிக்கு இறங்கினால், முடியோரமாகப் பொடிப்பொடியாகப் பருக்கள் கிளம்பும்.

அடுத்தது அவசரம். இணையத்தில் பார்த்த சாலிசிலிக் அமிலம், வைட்டமின் சி, ரெட்டினால், பென்சாயில் பெராக்சைடு எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வாங்கி அடுக்கிப் பூசுகிறவர்கள் உண்டு. எரிந்தால் 'மருந்து வேலை செய்கிறது' என்று வேறு நம்புகிறார்கள். தோல் சிவந்து உரியும்போது எந்தப் புட்டி காரணம் என்று அவர்களுக்கே தெரியாது. ஒரு நேரத்தில் ஒரு மருந்து மட்டும். அதையும் முதலில் தாடைக்கடியில் சிறு இடத்தில் சில நாள் பூசிப் பார்க்க வேண்டும்.

அதிக வீரியம் என்றால் அதிகப் பலன் என்பதும் பொய்க்கணக்கு. பென்சாயில் பெராக்சைடு 10 சதவீதம் செய்கிற வேலையை 2.5 சதவீதமும் ஏறத்தாழ அதே அளவு செய்யும், எரிச்சல் குறைவாக. (தலையணை உறை வெள்ளையாக இருக்கட்டும், வண்ணத் துணியை அது வெளுத்துவிடும்.) துவார அடைப்பைத் தடுக்கும் அடாபலீன் 0.1 சதவீத ஜெல்லை முழு முகத்துக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு எடுத்தால் போதும். ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு, இரவில், கண்ணோரமும் மூக்கின் மடிப்பும் வாயோரமும் தவிர்த்துப் பூச வேண்டும். முதலில் மாய்ஸ்சரைசர் தடவி அதன்மேல் இதைப் பூசலாம். தொடக்கத்தில் வாரம் இரண்டு மூன்று இரவுகள் மட்டும். முதல் சில வாரங்களில் பரு கூடுவதுபோலத் தெரியும். அங்கேதான் பலரும் கைவிட்டு அடுத்த மருந்துக்குத் தாவுகிறார்கள். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். மருந்தைப் பருவின் மேல் மட்டும் பொட்டு போல வைப்பதும் வீண்தான். அடுத்த மாதம் வரப்போகிற பரு பக்கத்துத் தோலுக்குள் இப்போதே உருவாகிக்கொண்டிருக்கிறது.

இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பதைப்பைத் தருவது மருந்துக்கடையில் 'முகத்துக்கு ஒரு கிரீம்' என்று கேட்டு வாங்கும் பழக்கம். கைக்கு வருவது பல நேரம் ஸ்டீராய்டு கலந்த சிவப்பழகு கிரீமாக இருக்கும். சில நாட்களிலேயே பரு அமுங்கும், முகம் வெளுக்கும். வாங்கியவர் தோழிக்கும் சொல்வார். நிறுத்தினால் முகம் தகதகவென்று எரியும், பரு இரட்டிப்பாகத் திரும்பும். பயந்து மறுபடி பூசுவார். தொடர்ந்தால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியும், முகத்தில் முடி வளரும். 2018-இல் மத்திய அரசு இத்தகைய மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய 'அட்டவணை எச்' பட்டியலில் சேர்த்தது. இருந்தும் சீட்டில்லாமல் கிடைக்கிறது. வாங்கும் முன் டியூபின் பின்புறம் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டாசோன், குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டுப் பெயர்கள் இருந்தால் அது பருவுக்கான மருந்து அல்ல. ஏற்கெனவே பல மாதம் பூசி வருபவர் தானாகத் திடீரென்று நிறுத்தாமல் தோல் மருத்துவர் சொல்கிறபடி குறைக்க வேண்டும்.

கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஜெல்லைத் தனியாக மாதக்கணக்கில் பூசுவதும் தவறு. கிருமிகள் பழகிக்கொள்ளும், பென்சாயில் பெராக்சைடு துணையோடுதான் அதைப் பயன்படுத்த வேண்டும். நெற்றியிலும் மார்பிலும் ஒரே அளவில் அரிப்போடு வரும் பொடிப் பருக்கள் பூஞ்சையால் வருவனவாக இருக்கலாம். அவற்றுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் இன்னும் கூடும்.

நம் நிறத்துத் தோலில் பரு போனாலும் கருந்தழும்பு நிற்கும். கிள்ளினால் நிச்சயம் நிற்கும். வெயில் அதை இன்னும் கறுக்க வைக்கும். ஆகவே சன்ஸ்கிரீனை 'பிசுபிசுக்கிறது' என்று ஒதுக்காமல், எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்பு அளவு) 30-க்குக் குறையாத ஜெல் வகையைப் பாருங்கள்.

மாதவிலக்கு தள்ளிப்போவதும் முகவாயில் கறுத்த முடி முளைப்பதும் பருவோடு சேர்ந்து வந்தால் கிரீமை மாற்றிக்கொண்டிருக்காமல் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆழமான கட்டிகளும் குழித்தழும்பும் உள்ளவர்களுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை தேவைப்படலாம். கருவைக் கடுமையாகப் பாதிக்கும் மருந்து அது. உட்கொள்ளும் காலத்திலும் நிறுத்திய பின் குறைந்தது ஒரு மாதமும் கர்ப்பம் கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் அடாபலீனையும் விட்டுவிட்டு, மருத்துவரிடம் சொல்லி அசெலாயிக் அமிலப் பூச்சுக்கு மாறலாம். மென்மையான தோலுக்கும் அது ஓரளவு ஒத்துக்கொள்ளும், கருந்தழும்பையும் மெல்லக் குறைக்கும்.