ட்ரிப் சுவிச் வாங்குறதும் பூட்டுறதும்: நியூட்ரலைக் கவனியுங்கோ

மீட்டரும் சீல் வைச்ச பகுதியும் மின்சார சபையின்ரை. அதில கை வைக்காதேங்கோ. மெயின் சுவிச்சுக்குப் பிறகு வாற ட்ரிப் சுவிச்சைப் பற்றித்தான் இங்க எழுதுறன்: கரண்ட் எர்த்துக்கு லீக் ஆனால் உடன வெட்டுற சுவிச் அது. பூட்டுற வேலையை லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீசியனிட்டக் குடுங்கோ. ஆனா பக்கத்தில நிண்டு கேள்வி கேக்கிற அளவுக்கு விசயம் தெரிஞ்சிருக்க வேணும்.

வாங்கேக்குள்ள: சிங்கிள் பேஸ் வீட்டுக்கு டூ போல் (லைவ், நியூட்ரல் ரெண்டையும் வெட்டுறது), 40 அம்பியர் (தாங்கிற கரண்ட்), 30 மில்லி அம்பியர் (விழுத்துற லீக் அளவு). 100, 300 மில்லி அம்பியர் எல்லாம் தீப்பிடிக்காமல் பாக்கிறதுக்கு, ஆளைக் காப்பாத்த இல்லை. இன்வேட்டர் பிரிட்ஜ், வோஷிங் மெஷின் இருந்தால் ஏசி டைப்பை (சாதாரண ஏசி லீக்கை மட்டும் பிடிக்கிறதை) விட்டிட்டு ஏ டைப் (துடிப்பு டிசி லீக்கையும் பிடிக்கிறது) எடுங்கோ. விலை கூடத்தான், நான் அதைத்தான் எடுப்பன். ஓவர்லோட்டை இது பாக்காது, அதுக்கு எம்சிபி (கரண்ட் அளவுக்கு மிஞ்சினால் விழுற சின்ன பிரேக்கர்) வேணும்.

எம்சிபி மட்டும் காணாதோ? எங்கட சுண்ணக்கல் நிலத்தில ஆடி ஆவணியில மண் காய்ஞ்சால், மண்ணில அடிச்ச எர்த் ரொட்டின்ரை தடை ஏறும். 100 ஓம் எண்டு வையுங்கோ. லைவ் வயர் மோட்டரின்ரை வெளிக்கூட்டில முட்டினால், 230 வோல்ட்டுக்கு 2.3 அம்பியர்தான் எர்த்துக்கு ஓடும். 16 அம்பியர் எம்சிபி அசையாது. மோட்டரின்ரை கூட்டில கரண்ட் நிண்டுகொண்டே இருக்கும். ட்ரிப் சுவிச்சுக்கு 30 மில்லி அம்பியரே போதும்.

பூட்டுற விதம்: மெயினை விழுத்தி, கரண்ட் இல்லையோ எண்டு மல்டிமீட்டரால பாருங்கோ. நியோன் டெஸ்டரை நான் நம்புறேல்லை. மெயின் சுவிச்சில இருந்து லைவ், நியூட்ரல் ரெண்டும் ட்ரிப் சுவிச்சுக்குள்ள போகவேணும், 'N' எழுதின இடத்தில நியூட்ரல். வெளிய வாற லைவ் எம்சிபிகளுக்கு, வெளிய வாற நியூட்ரல் நியூட்ரல் பாருக்கு (நியூட்ரல் வயர்கள் சேருற உலோகக் கட்டை). எர்த் வயர் இதுக்குள்ள வராது. ஸ்க்ரூவை இறுக்கிப்போட்டு வயரை இழுத்துப் பாருங்கோ. கிளாம்புக்குப் பின்னால வயர் போய் நிண்டால் ஸ்க்ரூ இறுகின மாதிரித்தான் இருக்கும், வயர் கையோட வரும்.

இனித்தான் தலையிடி. கிணத்தடி மோட்டருக்கு ஒண்டு, வீட்டுக்கு ஒண்டு எண்டு ரெண்டு ட்ரிப் சுவிச் போடுறது நல்லது. மழைக்கு மோட்டர் நனைஞ்சு ட்ரிப் அடிச்சாலும் வீட்டில லைட் இருக்கும். ஆனா ரெண்டுக்கும் நியூட்ரல் பார் தனித்தனி. போன லைவ் கரண்ட் அதே சுவிச்சின்ரை நியூட்ரலால திரும்பாட்டி அது லீக் எண்டு எடுத்து விழுத்தும். எங்கட வீட்டில படலை லைட்டுக்கு லைவ் மோட்டர் லைனில, நியூட்ரல் வீட்டு ட்ரிப் சுவிச் இருக்கிற விறாந்தைப் பெட்டியில. லைட்டைப் போட்டவுடன ட்ரிப்.

பிடிக்கிற வழி: ஒரு ட்ரிப் சுவிச்சை மட்டும் போட்டு, அதின்ரை லைட் எல்லாத்தையும் ஒவ்வொண்டாப் போடுங்கோ. எரியாத லைட்டின்ரை நியூட்ரல் மற்றப் பக்கத்தில இருக்கும். கவனம்: அந்த நேரம் விழுத்தியிருக்கிற பக்கத்து நியூட்ரல் பாரில லைட்டுக்குள்ளால கரண்ட் வந்து நிக்கும். தொடாதேங்கோ.

பிற்சேர்க்கை: எம்சிபி எல்லாத்தையும் விழுத்தியும் ட்ரிப் அடிக்குது எண்டு கேட்டிருந்தினம். சாதாரண சிங்கிள் போல் எம்சிபி நியூட்ரலை வெட்டாது. எங்கேயோ நியூட்ரல் எர்த்தில முட்டுது. மெயினை விழுத்தி, நியூட்ரல்களை பாரில இருந்து ஒவ்வொண்டாக் கழட்டி எர்த்தோட எவ்வளவு ஓம் எண்டு பாருங்கோ, குறைவாக் காட்டுற வயர்தான் முட்டுறது.

இன்னொண்டு: டெஸ்ட் பட்டன் அடிச்சு விழுந்தால் ட்ரிப் சுவிச் வேலை செய்யுது எண்டுதான் அர்த்தம். எர்த் ரொட் இல்லாத வீட்டிலயும் அது விழும். ரொட்டைத் தனியாச் சோதிக்க வேணும், அதுவும் கோடையில.