ரஷ்ய உள்நாட்டுப் போரில் அந்நியப் படைகள்: வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

1917 புரட்சியில் ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக்குகளின் செஞ்சேனைக்கும், அவர்களை எதிர்த்த வெள்ளைப் படைகளுக்கும் நடந்ததுதான் இந்தப் போர். அதைப் பற்றி எழுதும்போது ‘பதினான்கு நாடுகள் சேர்ந்து ரஷ்யாமீது படையெடுத்தன’ என்றுதான் பலரும் ஆரம்பிப்பார்கள். அதில் அந்தச் ‘சேர்ந்து’வை அடித்துவிடுங்கள். ஜப்பான் 70,000க்கும் மேற்பட்ட வீரர்களைச் சைபீரியப் பக்கம் இறக்கியது. தூரக் கிழக்கில் தனக்கொரு பிடி வேண்டும் என்பது அதன் கணக்கு. அமெரிக்கா அங்கே அனுப்பிய சுமார் 8,000 பேருக்குத் தளபதியான கிரேவ்ஸோ, ரஷ்யர்களின் சண்டையில் பக்கம் சேரமாட்டேன் என்று அடம்பிடித்தார். சைபீரியாவில் வெள்ளைப் படைக்குத் தலைவரான கோல்சாக்கின் ஆட்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. கருங்கடல் துறைமுகமான ஒதேசாவில் இறங்கிய பிரெஞ்சுப் படை 1919 ஏப்ரலில் ஊரைக் காலி செய்தது. அதே மாதம் கருங்கடலில் நின்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல்களில் மாலுமிகளே கலகம் செய்தார்கள்.

தேதியும் முக்கியம். 1918 மார்ச்சில் பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் வடக்குத் துறைமுகமான மூர்மன்ஸ்கில் இறங்கியது உள்ளூர் சோவியத்தின் (புரட்சி மன்றத்தின்) சம்மதத்தோடு, போல்ஷெவிக் தலைவர் டிராட்ஸ்கியும் தலையாட்டியிருந்தார். அப்போதைய பயம் ஜெர்மனி. ஆகஸ்டில் இன்னொரு வடக்குத் துறைமுகமான ஆர்க்காங்கெல்ஸ்கில் இறங்கியபோது அந்தச் சம்மதம் இல்லை. ஜெர்மனியோடு ஏற்பட்ட நவம்பர் 11 போர்நிறுத்தத்துக்குப் பிறகு பழைய காரணமும் போனது, படைகள் மட்டும் நின்றன.

ஜெர்மனியை மறப்பதும் வழக்கம். 1918ல் உக்ரைனைப் பிடித்திருந்த ஜெர்மானியர்களிடம் தானியம் கொடுத்து ஆயுதம் வாங்கினார் டான் கசாக்குகளின் தலைவர் கிராஸ்னோவ். அதில் ஒரு பங்கு, ஜெர்மனியின் எதிரிகளான நேச நாடுகளுக்கே விசுவாசம் என்று சொல்லிக்கொண்டிருந்த, தெற்கில் வெள்ளைப் படையை நடத்திய டெனிகினின் படைக்கும் போனது!

அப்புறம் துப்பாக்கிகள். அமெரிக்க முத்திரை கொண்ட மோசின் என்ற ரஷ்ய வகைத் துப்பாக்கியைப் படத்தில் பார்த்ததுமே ‘வெள்ளைப் படைக்கு வாஷிங்டன் கொடுத்தது’ என்று எழுதாதீர்கள். ரெமிங்டன், வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்க நிறுவனங்கள் அவற்றைத் தயாரிக்க ஆரம்பித்தது, முதல் உலகப் போருக்காக ஜார் அரசு கொடுத்த ஆர்டருக்கு. ஜப்பானிய அரிசாகா துப்பாக்கிகளையும் ஜார் அரசு அந்தப் போரில் லட்சக்கணக்கில் வாங்கியிருந்தது. இரு தரப்பு கையிலும் அவை இருந்தன.

கப்பலில் ஏற்றிய கணக்கைப் போர்முனைக் கணக்காக எடுத்துக்கொள்வதுதான் பெரிய தவறு. 1919ல் பிரிட்டன் கருங்கடல் துறைமுகமான நோவோரோஸிஸ்க் வழியாக டெனிகினுக்குப் பீரங்கி, டாங்கி, சீருடை என்று கொட்டியது. ஜூன் கடைசியில் சாரிட்சின் நகரம் டெனிகினின் படையிடம் விழுந்ததில் டாங்கிகளுக்குப் பங்கு உண்டு, சரி. ஆனால் துறைமுகத்தில் தேங்கியதும் கள்ளச்சந்தைக்குப் போனதும் நிறைய. கோல்சாக்குக்கு பசிபிக் துறைமுகமான விளாடிவாஸ்டாக்கிலிருந்து வந்த சரக்கோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ரயிலில் வரவேண்டும். வழியில் சிட்டா நகரில் ஜப்பானின் ஆதரவோடு கசாக் தளபதி செம்யோனோவ் மடக்குவார். மிச்சம் வந்த பிரிட்டிஷ் சீருடையைப் போட்டுக்கொண்டு செஞ்சேனைப் பக்கம் தாவியவர்களும் உண்டு.

செஞ்சேனை இப்படிக் கப்பல் பார்த்து நிற்கவில்லை. ஜார் காலக் கிடங்குகளில் பெரும்பகுதியும் துலா ஆயுதத் தொழிற்சாலையும் அதன் கையில் இருந்தன. 1919 அக்டோபரில், துலாவுக்குத் தெற்கே உள்ள ஓரியோல் வரை வந்த டெனிகினின் படை, துலாவைத் தொடாமலே திரும்பியது.