நந்தியாவட்டையில் பச்சைப் புழுவா? தும்புத்தடியைக் கீழே வையுங்கள்

திருகோணமலையில் பூசைக்குப் பூ வேண்டுமென்றே பலர் வளவில் நந்தியாவட்டையும் அலரியும் வளர்க்கிறார்கள். மழைக்குத் தளிர்த்த செடியில் ஒரு நாள் விடிய இலை பாதியைக் காணோம். அடியில் மிளகைவிடப் பெரிதாய்க் கறுத்த எச்சம். மேலே விரல் மொத்தத்தில் ஒரு பச்சைப் புழு. "மயிர்க்கொட்டி!" என்று தும்புத்தடியோடு ஓடிவருகிறோம்.

முதல் தவறு அதுதான். மயிர்க்கொட்டிக்கு மயிர் இருக்கும், பட்டால் சொறியும். இதன் உடம்பு மழமழவென்றிருக்கும், தொட்டால் ஒன்றும் செய்யாது. வால்பக்கத்து மஞ்சள் கொம்பு கொடுக்கு அல்ல. முன்பக்கம் முழிப்பது போலிருக்கும் இரண்டு நீலப் புள்ளிகளும் கண்கள் அல்ல. சீண்டினால் தலையை உள்ளிழுத்து அவற்றைப் பெருப்பித்துக் காட்டும். பறவையை மிரட்ட அதனிடம் இருப்பது அவ்வளவுதான்.

இது டாஃப்னிஸ் நெரியை என்ற அந்துப்பூச்சியின் புழு. 1758இல் உயிர்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ், அலரியின் அறிவியல் பெயரான நெரியம் என்பதையொட்டியே இதற்குப் பெயர் வைத்தார். ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் வாழ்கிறது; கோடையில் ஐரோப்பா வரைக்கும் பறந்து போகும்.

சிறுவயதில் நான் ஒன்றைப் போத்தலில் போட்டு முருங்கை இலை வைத்தேன். அது வாயே வைக்கவில்லை, செத்துப்போனது. இன்றைக்கும் பிள்ளைகள் அதையே செய்கிறார்கள். அலரி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி போன்ற ஒரே குடும்பத்துச் செடிகள்தான் பெரும்பாலும் இதற்குச் சாப்பாடு. மாடு ஆடு தின்றால் சாகும் அலரி இலையைத்தான் இது தின்று வளர்கிறது! அந்த இலையையும் பாலையும் தொட்ட பிள்ளைகளின் கையைக் கட்டாயம் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும்.

அப்புறம், பச்சைப் புழு திடீரென்று பழுப்பாகி மரத்தைவிட்டு இறங்கினால் நோய் வந்துவிட்டதென்று எறிந்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். கூட்டுப்புழுவாக மாற இடம் தேடித்தான் அது இறங்குகிறது. சருகுக்கடியில் கிடக்கும். மரத்தடியைத் தினமும் கூட்டிக் குப்பையைக் கொளுத்தினால் அதுவும் சேர்ந்து எரியும். செடியைச் சுற்றி ஒரு முழத்துக்காவது சருகை விட்டுவையுங்கள்.

மருந்து அடிக்கவே வேண்டாம். சாமிக்கு வைக்கும் பூவில் நஞ்சு எதற்கு? இலை போன கொப்பு மறுபடி தளிர்க்கும். பொறுக்கவே முடியாவிட்டால், புழு இருக்கும் கொப்பை அப்படியே வெட்டி வேலியோரத்து அலரியில் செருகிவிடுங்கள். சரி, இரண்டு மூன்று வாரம் கழித்து, மைம்மல் பொழுதில் மல்லிகைப் பந்தலைப் பாருங்கள். பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த சிறகோடு, அந்தப் புழு அந்துப்பூச்சியாகி வந்து, பூவில் அமராமலே அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும்.