'தி ஹாபிட்': எந்த ஒலி வடிவத்தைக் கேட்பது?

டோல்கீனின் 1937 நாவலுக்குப் பல ஒலி வடிவங்கள் உண்டு. முதலில் மொத்த நேரத்தைப் பாருங்கள். முழு வாசிப்பு என்றால் பத்து, பதினோரு மணி நேரம் ஓடும். நான்கைந்து மணி நேரமே இருந்தால் அது சுருக்கமாகவோ நாடகமாகவோ இருக்கும். 1968 பிபிசி வானொலி நாடகம் சுமார் அரை மணி நேரப் பகுதிகளாக எட்டு.

அடுத்து, ஒரே காட்சியை எல்லாவற்றிலும் கேளுங்கள். ஐந்தாம் அத்தியாயத்தில் கதாநாயகன் பில்போவுக்கும் கொல்லம் என்ற குகைவாசிக்கும் நடக்கும் விடுகதைப் போட்டி இதற்கு வாகானது. இருவர் மட்டுமே பேசுவதால் குரல் வேறுபாடு சட்டென்று பிடிபடும். முழு நாவலையும் வாசித்திருக்கும் ஆண்டி செர்கிஸ் திரைப்படத்தில் கொல்லமாக நடித்தவர். அதே குரல் அவர் வாசிப்பிலும் வரும். இருட்டுக்குப் பயப்படும் குழந்தைக்கு இன்னொரு முழு வாசிப்பான ராப் இங்லிஸுடையதே மேல். பிறகு முதல் அத்தியாயம்: வாசிப்பவர் பதின்மூன்று குள்ளர்களையும் குரலால் பிரித்துக் காட்டுகிறாரா, பாட்டைப் பாடுகிறாரா, வெறுமனே வாசிக்கிறாரா? இங்லிஸ் பாடுகிறார்.

வேகம் 1.0இல் இருக்கட்டும். ஒலியளவையும் சமப்படுத்துங்கள், சத்தமாக ஒலிப்பதே நன்றாக இருப்பதாகக் காது ஏமாறும்.

நாடகத்தை வேறு அளவுகோலால் பார்க்க வேண்டும். வர்ணனை பெரிதும் உரையாடலாக மாறிவிடும். பிபிசி வடிவத்தில் கதைசொல்லியை பில்போவே இடைமறித்துப் பேசுவது நல்ல உத்தி. ஆனால் மந்திரவாதி 'காண்டால்ஃப்' பெயரின் உச்சரிப்பு உறுத்தும். பின்னணி ஓசை வசனத்தை விழுங்குகிறதா என்பதை ஹெட்போன் இல்லாமல், சாதாரண ஸ்பீக்கரில் சோதியுங்கள். புத்தகத்தைக் கையில் வைத்து வரிவரியாகப் பின்தொடரும் பிள்ளைக்கு நாடகம் உதவாது.