கேம் ஐடி விற்கும் முன் ஒரு நிமிஷம்

பொள்ளாச்சி சந்தையில் பணம் கொடுத்துக் கயிறு கை மாறினால் மாடு உங்களுடையது. கேம் கணக்கு அப்படியில்லைங்க. கம்ப்யூட்டர் கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமின் ஒப்பந்தப்படி கணக்கை விற்கவே கூடாது. அங்கே வாங்கிய கேமைப் பயன்படுத்தும் உரிமம்தான் நமக்கு, சொந்தம் இல்லை. ஸ்கின்னை, அதாவது கேமில் ஆயுதத்துக்கோ ஆளுக்கோ போடும் அலங்காரத் தோற்றத்தை, அவர்களுடைய மார்க்கெட்டில் விற்கலாம். ஆனால் அந்தக் காசு ஸ்டீம் வாலட்டிலேயே கிடக்கும், வங்கிக்கு வராது.

செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகம் வேறு மாதிரி. நீங்களே உருவாக்கிய பொருளின் படைப்புரிமை உங்களிடமே இருக்கும். ஆனால் விற்கும் முன் நகல், மாற்றம், கைமாற்றம் என்ற மூன்று அனுமதிகளையும் பார்த்து வையுங்கள். நகலும் கைமாற்றமும் சேர்த்துத் திறந்துவிட்டால், வாங்கியவர் அதையே ஊருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருப்பார். அப்புறம் உங்களிடம் யார் வாங்குவார்கள்?

திருப்பூர் டிசைனர்களுக்குத் தனியாக ஒன்று. எக்ஸ்போர்ட் ஆர்டருக்கு பையர் அனுப்பிய லோகோ கம்ப்யூட்டரில் கிடக்கிறதே என்று அதை அவதாருக்கான, அதாவது மெய்நிகர் உலகில் நம் உருவத்துக்கான, டி-ஷர்ட்டில் ஒட்டி விற்காதீர்கள். துணி இல்லாத சட்டைக்கும் டிரேட்மார்க் சட்டம் பொருந்தும், ஆர்டரும் போய்விடலாம்.

பழைய ஐடி வாங்குபவர்கள் கவனம். பாஸ்வேர்டை மாற்றினாலும், முதலில் பதிந்த மெயிலை வைத்து விற்றவரே கணக்கைத் திரும்ப எடுத்துவிட முடியும். விதியை மீறிய வியாபாரம் என்பதால் கேம் கம்பெனியும் கைகொடுக்காது. விற்பவரிடமோ, வாங்க வருபவர் “பணம் அனுப்பறேன், பின் நம்பர் போடுங்க” என்று சொன்னால் அது மோசடிதான். யுபிஐயில் பணம் பெற பின் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.