மனம் கவர்ந்தவரின் உடையிலிருந்து நமக்கான உடையைக் கண்டடைவது எப்படி

ஒருவர் உடுத்தும் விதம் நம் மனத்தில் பதிந்துவிட்டால், அதே நிறத்தில், அதே தையலில் ஒன்றை நாமும் உடுத்திப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் முதலில் எழுகிறது. புதுச்சேரி நேரு வீதியை ஒட்டிய தையல் கடைகளிலும் கடலூர் மஞ்சக்குப்பத்துத் தையல் கடைகளிலும் கைப்பேசியில் ஒரு நடிகையின் படத்தைக் காட்டி, ‘இதே மாதிரி வேண்டும்’ என்று கேட்பவர்களை எந்த நாளும் பார்க்கலாம். அப்படித் தைத்து வாங்கிய உடை, இரண்டு முறை உடுத்திய பிறகு பீரோவின் அடித்தட்டுக்குப் போய்விடுவதும் வழக்கமாக நடப்பதுதான். தையலில் குறை இல்லாதபோதும் இப்படி நேர்வதற்குக் காரணம், படத்தில் இருந்தவர் அந்த உடையை எதற்காகத் தேர்ந்தெடுத்தார் என்று நாம் கேட்டுக்கொள்ளாததே. நம்மைக் கவர்ந்தவரிடமிருந்து அவருடைய முடிவுகளை எடுத்துக்கொண்டு, உடையை நம் ஊருக்கும் உடலுக்கும் வேலைக்கும் ஏற்ப நாமே அமைத்துக்கொள்வதற்கான வழியை இங்கே விளக்க முயல்கிறேன்.

யாரைத் தேர்ந்தெடுப்பது

பல ஆண்டுகளாக ஒரே போக்கில் உடுத்தியவரையும், அந்த உடையைத் தாமே தீர்மானித்தவரையும் தேர்ந்தெடுப்பது நல்லது. இன்றைய திரை நட்சத்திரங்களின் விழா உடைகளைப் பெரும்பாலும் ஒரு குழுவே முடிவுசெய்கிறது. அவை பார்க்க அழகாக இருந்தாலும், அவற்றிலிருந்து ஒரு மனிதரின் விருப்பத்தைப் பிரித்தறிவது கடினம். அதனால் தொடக்கத்தில் அவர்களைத் தள்ளி வைத்துவிட்டு, தம் தோற்றத்துக்குத் தாமே பொறுப்பேற்றவர்களிடம் போவதையே நான் விரும்புகிறேன்.

அதற்குப் புதுச்சேரிக்காரர்கள் வெகுதூரம் தேட வேண்டியதில்லை. 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் வாழ்ந்த பாரதியாரின் அசல் புகைப்படங்களாக நமக்குக் கிடைத்திருப்பவை மிகச் சிலவே. ஆனாலும் ஒரு பள்ளிப் பிள்ளை முண்டாசையும் மீசையையும் இரண்டு கண்களையும் மட்டும் கோடாக இழுத்தால்கூட அது யார் என்று தமிழர் எவருக்கும் தெரிந்துவிடுகிறது. வேட்டியோடு அணிந்த கோட்டு, காசி நாட்களின் தொடர்ச்சியாகச் சொல்லப்படும் தலைப்பாகை, அவர் பிறந்த சமூகத்து ஆண்கள் அக்காலத்தில் வைக்காத மீசை என ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்திலிருந்து வந்தது; அவற்றை ஒன்றாகச் சேர்த்த துணிவு மட்டும் அவருடையது. ஈசுவரன் தருமராஜா கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது. அங்கே போகும்போது கவிதை வரிகளோடு அவருடைய படங்களையும் ஒரு தையல்காரரின் கண்ணோடு நின்று பாருங்கள்.

கடலூர் மாவட்டத்து மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலாரையும் இங்கே வணக்கத்தோடு குறிப்பிட வேண்டும். துறவு என்றாலே காவி என்றிருந்த மரபில், தலையையும் உடலையும் போர்த்திய வெள்ளைத் துணியோடு அவர் நின்றார். அந்தக் கோலத்தை யாரும் அலங்காரமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரே ஒரு நிறத்தைப் பற்றிக்கொண்டு, வேறெந்த அணியும் இல்லாமல், தாம் எங்கே நிற்கிறோம் என்று ஒருவர் சொல்லிவிட முடியும் என்பதை அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

புகழ்பெற்றவர் ஒருவரோடு, உங்கள் குடும்பத்திலிருந்தோ தெருவிலிருந்தோ இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டியின் கல்யாணப் படம், பள்ளியில் பாடம் நடத்திய ஆசிரியை, தினமும் பூ கட்டித் தரும் அக்கா என்று யாராகவும் இருக்கலாம். அவர்களிடம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும் என்பது பெரிய வசதி. தெருவில் பார்த்தவரைப் படம் எடுக்க விரும்பினால், அனுமதி கேட்ட பிறகே எடுக்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது

ஒருவருடைய படங்களை, வெவ்வேறு வயதில் எடுக்கப்பட்டவையாகப் பார்த்து, பத்துப் பன்னிரண்டு சேர்த்து ஒரே பக்கத்தில் ஒட்டுங்கள். பிறகு முகத்தை ஒரு சிறு தாளால் மறைத்துவிட்டுப் பாருங்கள். முகம் மறைந்த பிறகும் அவர்தான் என்று எது காட்டிக்கொடுக்கிறதோ, அதுவே அவருடைய பாணியின் உயிர். எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு இதைச் செய்து பார்த்தால், காஞ்சிப் பட்டின் கரையும், கொண்டையைச் சுற்றிய மல்லிகையும், தோளை மூடிய முந்தானையும் எஞ்சும். அவர் உடுத்திய நீலம் ‘எம்.எஸ். புளூ’ என்ற பெயரிலேயே பட்டுக் கடைகளில் இன்றும் கேட்கப்படுகிறது. இரண்டு பக்கமும் மின்னும் மூக்குத்தி முகத்தோடு மறைந்துவிட்டாலும், அந்த மேடைத் தோற்றம் குலைவதில்லை.

மெக்சிகோ ஓவியர் ஃபிரிடா காலோவின் படங்களை இதே முறையில் பார்ப்பது இன்னும் அதிகம் கற்றுத் தரும். தரையைத் தொடும் பாவாடை, இடுப்போடு நின்றுவிடும் சதுரமான தளர்ந்த மேற்சட்டை, பின்னி உச்சியில் கட்டிய கூந்தல், அதில் பூக்கள். மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்திலுள்ள தெகுவாந்தெபெக் பகுதிப் பெண்களின் உடை அது. அவருடைய தாய் ஓஹாகாவைச் சேர்ந்தவர் என்பதால் தாய்வழி உறவும் அதில் இருந்தது. ஃபிரிடாவுக்கு ஆறு வயதில் போலியோ வந்து வலது கால் மெலிந்தது. 1925இல் பேருந்து விபத்தில் முதுகெலும்பு உடைந்தது. வாழ்நாளின் பெரும்பகுதியை இறுக்கமான முதுகுக் கவசங்களோடு கழித்தார். 1953இல் அந்த வலது காலின் கீழ்ப்பகுதி அகற்றப்பட்டது. இவற்றைத் தெரிந்துகொண்டு மறுபடியும் அந்த உடையைப் பாருங்கள். நீண்ட பாவாடை காலை மறைத்தது. குட்டையான சதுரச் சட்டை, உட்கார்ந்திருக்கும்போது மடியில் குவியாமல் நேராக விழுந்தது; உள்ளே கவசம் இருப்பதையும் வெளியே காட்டவில்லை. தலையிலிருந்த பூக்கள் பார்ப்பவரின் கண்ணை முகத்துக்கே இழுத்தன. அந்தக் கவசங்களையும் அவர் ஓவியம் தீட்டிய பொருள்களாகவே மாற்றிவிட்டார். 1954இல் அவர் மறைந்த பிறகு பூட்டி வைக்கப்பட்ட உடைகள் 2004இல்தான் வெளியே எடுக்கப்பட்டன. வலியோடு வாழ்ந்த ஓர் உடலுக்கு எவ்வளவு யோசித்து அவர் உடுத்தியிருக்கிறார் என்பது அதன்பின் மேலும் தெளிவாயிற்று. அவரைப் பின்பற்ற விரும்பும் ஒருவர் தலையில் செயற்கைப் பூக்களை அடுக்கிக்கொள்வதைவிட, தம் உடல் எங்கே சிரமப்படுகிறது, எந்த இடத்தைப் பிறர் பார்க்க வேண்டும் என்று தாம் விரும்புகிறோம் என்ற இரண்டையும் எழுதிப் பார்ப்பதே அவரை உண்மையில் பின்பற்றுவதாகும்.

காரணத்தை ஒரு வாக்கியமாக எழுதுதல்

இப்போது ஒரு நோட்டுப் புத்தகத்தில், ‘இவருக்கு இந்தத் தேவை இருந்தது, அதனால் இதைச் செய்தார்’ என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேலைப் பற்றி எழுதினால், பெண்களின் உடலுக்கு அசைவு வேண்டும் என்பதற்காக, அதுவரை ஆண்களின் உள்ளாடைக்கே பயன்பட்டுவந்த ஜெர்சி என்னும் நெகிழ்வான பின்னல் துணியில் பெண்களுக்கு உடை தைத்தார் என்று வரும். 1955இல் அவர் கைப்பைக்குத் தோளில் மாட்டும் சங்கிலியைச் சேர்த்ததும், கைகள் இரண்டும் சும்மா இருக்க வேண்டும் என்பதற்காகவே.

இந்த வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு புதுச்சேரி குபேர் அங்காடியின் மீன் பகுதிக்கோ கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கோ போய்ப் பாருங்கள். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, முந்தானையை இடுப்பைச் சுற்றி இறுக்கி, சுருக்குப் பையை இடுப்பில் செருகியிருக்கும் மீன் விற்கும் அம்மாவும் அதே தேவைக்குத்தான் விடை கண்டிருக்கிறார். அதுவும் ஷனேலுக்கு வெகு காலம் முன்பிருந்தே வழங்கிவரும் விடை. ஒரே தேவைக்கு இரண்டு ஊர்கள் தந்த விடைகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் நமக்கென்று மூன்றாவது ஒன்று தோன்றும். கைத்தறித் துணியில், சேலையின் நிறத்துக்கே பொருந்தும்படி, தோளிலும் இடுப்பிலும் மாட்டிக்கொள்ளக்கூடிய ஒரு பெரிய சுருக்குப் பையை நீங்களே வடிவமைக்கலாம்.

நம் வெயிலுக்கு மாற்றுதல்

கடற்கரை ஊர்களில் சித்திரை, வைகாசியில் வியர்வை உலர்வதே இல்லை. குளிர்நாட்டுப் படத்தில் கண்ட கம்பளிக் கோட்டின் துணியை விட்டுவிட்டு, அதன் நேரான தோள், நீளம், ஒற்றை நிறம் ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பருத்தியில் கையில்லாத மேலங்கியாகத் தைக்கலாம். பாலியஸ்டர் கலந்த துணி மலிவாகக் கிடைத்தாலும் இந்த ஊர்களில் அதை மதியத்தில் உடுத்த முடியாது. குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கைத்தறிக் கைலித் துணியின் கட்டங்களைச் சட்டைக்கும் குர்தாவுக்கும் எடுத்துத் தைத்தால், வேறெங்கும் கிடைக்காத ஒரு தோற்றம் வருகிறது. கவரிங் நகை உப்புக்காற்றில் சீக்கிரம் கறுத்துவிடும் என்பதால், பெரிய நகைகளை விரும்புபவர்கள் மரம், மண், நூல் ஆகியவற்றில் செய்தவற்றைப் பார்க்கலாம். புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர் சுடுமண் வேலை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

நிறத்தைத் தேடும்போது ஊரின் வரலாற்றையும் துணைக்கு அழைக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் அவுரிச் சாயம் தோய்த்த நீலத் துணி புதுச்சேரியிலிருந்து கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை சென்றது. அங்கே கருவேலம் பிசின் வணிகத்தில் அது பணத்தைப் போலவே கைமாறியது. அந்த நீலத்தை ஒரு துப்பட்டாவிலாவது உடுத்திக்கொள்ளும் உரிமை நமக்கு நிறையவே இருக்கிறது.

வயது இதற்குத் தடையே இல்லை. அமெரிக்கரான ஐரிஸ் ஆப்ஃபெல் என்பவரின் உடைகளையும் அணிகளையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2005இல் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு வயது 84. பழம்பொருள் சந்தையில் வாங்கிய வளையல்களை விலையுயர்ந்த உடைகளோடு கலந்து அணிந்தவர் அவர். புதுச்சேரி மகாத்மா காந்தி சாலையில் ஞாயிறுதோறும் கூடும் சண்டே மார்க்கெட்டில் நடக்கும்போது அவரை நினைத்துக்கொள்ளலாம்.

தையல்காரரிடம் போகும்போது

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் பீரோவில் இருப்பதைக் கொண்டே ஒரு வாரம் முயன்று பாருங்கள். அதன்பின் தைக்கக் கொடுப்பதென்றால், படத்தை மட்டும் கொண்டுபோகாமல், உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் அளவு ஜாக்கெட்டையோ சுடிதாரையோ கூடவே கொண்டுபோங்கள். படத்திலிருந்து எடுக்க வேண்டியதை வாயால் சொல்ல வேண்டும்: முன் கழுத்து இவ்வளவு இறக்கம், பின் கழுத்து இவ்வளவு, கை முழங்கை வரை, கை லூசு இவ்வளவு, உயரம் இவ்வளவு. மற்றவை அளவு ஜாக்கெட்டில் உள்ளபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள். ‘அண்ணே, உள்ளே துணி விட்டுத் தையுங்கள்’ என்று கேட்டுக்கொண்டால், பிறகு பிரித்துவிட வழி இருக்கும். பருத்தித் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகே கொடுக்க வேண்டும். இல்லையென்றால் முதல் துவைப்பிலேயே சுருங்கி, பார்த்துப் பார்த்துச் சொன்ன அளவெல்லாம் வீணாகிவிடும். வடிவம் முற்றிலும் புதியதாக இருந்தால், முதலில் காடாத் துணியில் ஒன்று தைத்து, அதைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கிப் பாருங்கள், தரையில் சம்மணமிட்டு உட்காருங்கள், வண்டியில் ஏறி இறங்குங்கள். எங்கே பிடிக்கிறதோ அங்கே சாக்கட்டியால் குறித்துக்கொண்டு, அதையும் தையல்காரரிடம் காட்டுங்கள். அவர் சொல்லும் மாற்று யோசனையைப் பொறுமையாகக் கேட்பது நல்லது. துணி எப்படி விழும் என்பதை அவர் அளவுக்கு அறிந்தவர்கள் குறைவு.

உடைக்கு அப்பால்

வரைபவர்களும் எழுதுபவர்களும் தையல், எம்பிராய்டரி பழகுபவர்களும் இந்த நோட்டுப் புத்தகத்தைத் தங்கள் கலைக்கும் பயன்படுத்தலாம். ஒருவருடைய உடையிலிருந்து நிறங்களை மட்டும் பிரித்தெடுத்து ஒரு கோலத்துக்கோ தலையணை உறைக்கோ மாற்றலாம். சிறுகதை எழுதுபவர், தம் பாத்திரம் எந்தத் தேவைக்காக எதை உடுத்துகிறார் என்று அந்த ஒற்றை வாக்கியத்தை எழுதிவிட்டால், வருணனை பாதியாகக் குறைந்து பாத்திரம் தெளிவாகிவிடும். சிதம்பரம் கோபுர வாயில்களில் செதுக்கிய 108 கரணங்கள் என்னும் நடன நிலைகளின் முன் ஒரு காலை நேரம் நின்று, இடையாடையின் மடிப்பு காலின் அசைவோடு எப்படித் திரும்புகிறது என்பதை மட்டும் பென்சிலில் வரைந்து வாருங்கள். புதுச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களின் புகைப்படங்களைப் பெருந்தொகுப்பாகச் சேர்த்திருக்கிறது. சிற்பங்களின் உடையையும் அணிகளையும் ஊன்றிக் கற்க விரும்புபவர்களுக்கு அது பெருந்துணை.

இவற்றையெல்லாம் ஆடியிலேயே தொடங்கிவிடுவது நல்லது. தள்ளுபடிக் காலத்தில் கைத்தறித் துணியும் பிட் துணியும் குறைந்த விலையில் கிடைக்கும். காடாத் துணியில் ஒரு முறை தைத்துப் பார்த்துத் திருத்துவதற்கு ஆவணி முழுவதும் கையில் இருக்கும். புரட்டாசி கடந்துவிட்டால் தீபாவளித் தையல் குவிந்துவிடும் என்பதால், நல்ல தையல்காரர் எவரும் புதிய வடிவத்தைக் கையில் எடுக்க மாட்டார்.