அனிமே முகத்தைக் கண்ணில் தொடங்காதீர்கள்

ஜப்பானிய அசைபடப் பாணியான அனிமேயை வரையப் பழகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் முதலில் வரைவது கண்ணைத்தான். படம் கெடுவதும் அங்கேதான். ஒரு கண் அழகாக வந்துவிடும். அதற்கு இணையாக இன்னொன்றை வைக்க இடம் போதாது, நெற்றி சுருங்கும், பின்மண்டை காணாமல் போகும். முதலில் ஒரு வட்டம், அதன் கீழே தாடை, முகத்தின் நடுவே ஒரு செங்குத்துக் கோடு, கண்களுக்காக ஒரு குறுக்குக் கோடு. இவை மெல்லிய பென்சிலில் அமைந்த பிறகே கண். நிஜத் தலையில் உச்சிக்கும் தாடைக்கும் ஏறத்தாழச் சரிபாதியில் கண்கள் இருக்கின்றன. அனிமேயில் பெரும்பாலும் அதைவிடச் சற்று இறங்கும். முகம் பக்கவாட்டில் திரும்பினால் நடுக்கோடும் வளைந்து திரும்பும், தொலைவிலுள்ள கண்ணின் அகலம் குறையும். இரண்டையும் ஒரே அகலத்தில் வரைந்தால் முகம் தட்டையாகிவிடும். தாளைப் பின்புறமாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கோணல் உடனே தெரியும்.

முடியை மண்டையில் ஒட்டினாற்போல வரைய வேண்டாம். அதற்குக் கனம் உண்டு. மண்டைக்கு மேல் சற்று உயர்ந்துதான் நிற்கும்.

கோடு குறைவு, அதனால் உடலமைப்பு தெரிய வேண்டியதில்லை என்று நினைப்பது அடுத்த பெரிய தவறு. திரையில் வினாடிக்கு 24 பிரேம்கள், அதாவது தனித்தனிப் படச் சட்டங்கள், ஓடுகின்றன. ஒரே படத்தை இரண்டு பிரேம்களுக்கு நிறுத்தினாலும் வினாடிக்கு 12 படங்கள் வேண்டும். அத்தனை முறை வரைய வேண்டியிருப்பதால் கோடுகளைக் குறைத்தார்களே தவிர, எலும்பையும் எடையையும் விட்டுவிடவில்லை. நெல்லைக்காரர்களுக்கு இதைக் கற்கத் தொலைவு போக வேண்டியதில்லை. திருச்செந்தூர் சாலையிலுள்ள கிருஷ்ணாபுரம் கோயிலில், இளவரசியைத் தோளில் தூக்கிச் செல்லும் குறவன் சிலை முன் நோட்டுடன் நில்லுங்கள். தோளில் பாரம் ஏறும்போது இடுப்பும் காலும் எப்படி ஈடுகொடுக்கின்றன என்று பார்த்து வரையுங்கள். பிறகு உங்கள் கதாபாத்திரம் தரையில் உறுதியாக நிற்கும்.

பின்னணியில் தவறு நேர்வது கண்மட்டத்தில், அதாவது பார்ப்பவரின் கண் இருக்கும் உயரத்தில். 1843-இல் கட்டி முடிக்கப்பட்ட சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாமிரபரணிக் கரையில் தாழ நின்று வரைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாலத்தின் கைப்பிடிச் சுவர் உங்கள் கண்ணுக்கு மேலே இருப்பதால், அதன் கோடு தொலைவு செல்லச் செல்லக் கீழே இறங்கும். தூண்களின் அடிக்கோடு மேலே ஏறும். இரண்டும் கண்மட்டத்திலுள்ள ஒரே புள்ளியை நோக்கிப் போகும். வளைவுகள் ஒன்றைவிட ஒன்று குறுகும். இப்படி வரைந்துவிட்டு, மாடியிலிருந்து பார்த்த கோணத்தில் ஒரு பெண்ணை முன்னால் நிறுத்தினால் அவள் வெட்டி ஒட்டியதுபோல் தெரிவாள். கண்மட்டக் கோடு அவள் இடுப்பில் வெட்டினால், அவள் உயரமே உள்ள, அதே தரையில் நிற்கும் தோழியையும், எவ்வளவு தள்ளி நின்றாலும், இடுப்பிலேயே வெட்ட வேண்டும்.

அனிமே ஸ்டுடியோக்கள் பல, நிஜ ஊர்களுக்குப் போய்ப் புகைப்படம் எடுத்துப் பின்னணி வரைகின்றன. நீங்களோ அவர்கள் வரைந்த செர்ரி மரத்தைப் பார்த்து வரைகிறீர்கள். ரத வீதியும் பனங்காடும் உங்கள் கண்ணெதிரில் இருக்கின்றன.

நிழலுக்குக் கறுப்பைக் கலக்காதீர்கள். நம் ஊர் உச்சி வெயிலில் முன்முடிக்கும் தாடைக்கும் கீழே நிழல் கூர்மையாக விழும். அதற்குத் தோல் நிறத்தையே அடர்த்தியாக்கி, சற்று நீலம் சேர்த்தால் போதும். முகத்துக்கு இழுத்த தடிமனான கோட்டையே தொலைவிலுள்ள பனைக்கும் இழுத்துவிடாதீர்கள். பனை முன்னால் வந்து நிற்கும், முகம் பின்னுக்குப் போய்விடும்.